கருங்கல் சொல்லும் கடற்கதை

கடலின் பழங்கதையை அறிய விரும்புகிறவன் எங்கே போக வேண்டும்? கடலுக்குத்தான் என்று எவரும் விடை கூறுவர். ஆனால் கடலிடம் அந்தக் கதை இல்லை. இன்றைய கடல்களின் அடித்தளப் பாறையை எங்கே துளைத்து எடுத்தாலும், ஓரிரு ஒதுக்குப்புறங்களைத் தவிர்த்தால், அதன் வயது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. புவிக்கோ வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதற்கு முற்பட்ட கடல்தளங்கள் யாவும் எங்கே போயின?

கண்டங்களின் அடியிலும் தீவு வரிசைகளின் அடியிலும் அமிழ்ந்து, மேலோட்டுக்குக் கீழுள்ள கவசப் பகுதிக்குள் சென்று மறைந்தன என்பதே விடை. பழைய கோப்புகளைத் தானே எரித்துவிடுகிற அலுவலகத்தைப் போன்றது கடல்தளம். எரிக்குமுன் ஒரு நகல் மட்டும் வெளியே வந்துவிடுகிறது. அந்த நகலைத்தான் நாம் படிக்கட்டு அமைக்கவும் ஜல்லி உடைக்கவும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். கிரானைட் என்பது அதன் பெயர்.

அந்த நகலை எவ்வளவு தூரம் நம்பலாம்? மிகவும் நம்பலாம் என்பது என் கட்சி. ஆனால் கிரானைட்டை அது நின்ற இடத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்து எண்களாக மட்டும் ஆக்கிக்கொண்டு நம்பக் கூடாது என்பதும் என் கட்சியே. இந்தப் பின்பாதியை எடுத்துச் சொல்ல இன்று ஆள் குறைவு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வழக்கில் கருங்கல் என்றால் உறுதியான எந்தக் கல்லும் அதில் அடங்கும். வணிகர் வழக்கில் பளபளப்பாகத் தேய்க்க முடிந்ததெல்லாம் கிரானைட். சமையற்கட்டு மேடையில் பதிக்கிற 'கறுப்பு கிரானைட்' பெரும்பாலும் டோலரைட்டாகவோ கேப்ரோவாகவோ இருக்கும். நிலவியலார் கண்ணில் அது கிரானைட்டே அன்று. வெங்கச்சாங்கல் எனும் குவார்ட்சும், ஃபெல்ஸ்பாரும், சிறிதளவு காக்காப்பொன் போன்ற கனிமங்களும் சேர்ந்து, நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உறைந்த வெளிர்நிறப் பாறையையே அவர்கள் கிரானைட் என்பர். அதன் நெருங்கிய உறவினரான டோனலைட், கிரானோடயரைட் முதலியவற்றையும் இங்கே அந்தக் குடும்பப் பெயராலேயே அழைக்கிறேன். கண்டங்களின் உடல் பெரிதும் இக்குடும்பத்தால் ஆனது. கடல்தளத்தின் உடல் பசால்ட் எனும் கரும்பாறை. பசால்ட்டிலிருந்து கிரானைட் எப்படிப் பிறந்தது என்பதில்தான் கதை அடங்கியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செர்மனியின் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த வெர்னர், கிரானைட் ஆதிக்கடலின் நீரிலிருந்து படிந்தது என்று கற்பித்தார். ஐரோப்பா எங்கும் அவருக்கு மாணவர்கள் இருந்தனர். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. 1785இல் கிளென் டில்ட் எனும் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில், சிவந்த கிரானைட் நரம்புகள் கருநிறப் பழம்பாறையைப் பிளந்துகொண்டு உட்புகுந்திருப்பதை அவர் கண்டார். உருகிய நிலையில் இருந்தாலன்றி ஒரு பாறை மற்றொன்றின் வெடிப்புக்குள் இப்படிப் பாய முடியுமா? அவர் அடைந்த மகிழ்ச்சியைக் கண்டு, வெள்ளியோ தங்கமோ கிடைத்துவிட்டது என்று உடன் வந்த வழிகாட்டிகள் எண்ணிக்கொண்டார்களாம். கிரானைட் நெருப்பின் பிள்ளை என்னும் கொள்கை அன்று வேரூன்றியது.

வெர்னர் தோற்றார். ஆனால் கடல் வேறொரு வாசல் வழியாகக் கதைக்குள் திரும்பி வந்தது. அழுத்தத்தின் கீழ் நீர் கலந்திருந்தால் கிரானைட் 650, 700 பாகை வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். நீரில்லையேல் ஏறத்தாழ 950 பாகைக்குப் போக வேண்டும். 1958இல் டட்டில், போவன் இருவர் பெயரிலும் வெளியான ஆய்வு நூல் நீரின் இந்தப் பங்கை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. 1983இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கேம்பெல், டெய்லர் என்னும் அறிவியலார், நீர் இல்லாமல் கிரானைட் இல்லை, கடல் இல்லாமல் கண்டம் இல்லை என்பதையே தம் கட்டுரையின் தலைப்பாக்கினர். சந்திரனில் கிரானைட் சிறு துணுக்குகளாகவே கிடைத்திருக்கிறது. கண்டம் என்று சொல்லத்தக்க கிரானைட் பரப்பு, நாம் அறிந்தவரை, மேற்பரப்பில் கடல் நிலைத்திருக்கும் இந்தப் புவியில் மட்டுமே உண்டு.

கடல்நீர் அத்தனை ஆழத்துக்கு எப்படிப் போகிறது? ஊறிப் போகிற தொலைவு அன்று அது. கடலின் நடுவே புதிதாய்ப் பிறக்கும் பசால்ட் தளம் கோடிக்கணக்கான ஆண்டுகள் நீரில் கிடக்கிறது. நீர் வெடிப்புகளில் தேங்குவதோடு நில்லாமல், ஆம்ஃபிபோல், செர்ப்பன்டைன் போன்ற கனிமங்களின் அமைப்புக்குள்ளேயே கட்டுண்டுவிடுகிறது. வயதாக ஆகத் தளம் குளிர்ந்து கனக்கிறது. கனத்த தட்டு ஓரிடத்தில் வளைந்து மற்றொரு தட்டின் அடியில் இறங்குகிறது. ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் தட்டு இன்றும் இப்படி இறங்கிக்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நாஸ்கா தட்டு இறங்குகிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்துக்குள், அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் அக்கனிமங்கள் தம்மிடமுள்ள நீரைக் கைவிடுகின்றன. அந்நீர் மேலேயுள்ள கவசப் பாறைக்குள் ஏறி அதன் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. அப்படிப் பிறந்த பாறைக்குழம்பு மேலேறும் வழியில் சில கனிமங்களை உதிர்த்து, மேலோட்டைச் சிறிது உருக்கிச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கிரானைட் ஆகிறது. பெரு நாட்டின் கரையோரமாக ஏறத்தாழ 1600 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் கிரானைட் தொடர் இவ்வாறு உண்டானதே.

இந்தப் பயணத்தின் கறை கிரானைட்டில் ஒட்டிக்கொள்கிறது. பேரியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம் போன்றவை நீரோடு எளிதில் கிளம்பி வருவன. நையோபியமும் டான்டலமும் நீரோடு வர மறுத்து, அமிழும் தட்டிலுள்ள ரூட்டைல் எனும் கனிமத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்குவன. ஆகவே ஒரு கிரானைட்டில் முன்னவை மிகுந்தும், நையோபியம் பள்ளம் விழுந்தாற்போல் குறைந்தும் காணப்பட்டால், அமிழ்ந்த கடல்தளம் ஒன்று அதன் பிறப்பில் பங்கு கொண்டிருக்குமோ என்னும் ஐயம் எழுகிறது. இன்னொரு தடயம் ஆழத்தைச் சொல்வது. இட்டர்பியத்தைக் கார்னெட் எனும் கனிமம் விரும்பி வைத்துக்கொள்ளும். ஸ்ட்ரான்ஷியத்தை ஃபெல்ஸ்பார் வகையான பிளேஜியோகிளேஸ் வைத்துக்கொள்ளும். 40, 50 கி.மீ.க்கும் கீழே பசால்ட் உருகினால் அங்கே கார்னெட் எஞ்சி நிற்கும், பிளேஜியோகிளேஸ் நில்லாது. அப்போது வெளிவரும் குழம்பில் ஸ்ட்ரான்ஷியம் மிகுதி, இட்டர்பியம் அருகல். அலூஷியன் தீவுகளில் ஒன்றான அடாக்கின் பெயரால் 1990 முதல் அடாகைட் என்று வழங்கும் எரிமலைப் பாறைகளில் இத்தன்மை தெளிவாகத் தெரிகிறது. பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் தனிமங்கள் இவ்வளவு பேசுகின்றன!

பேசுகின்றன என்பதனாலேயே அவை சொல்லாததையும் நாம் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்டப் பகுதிகளில் பெரும்பான்மையாய் இருப்பவை சோடியம் மிகுந்த டோனலைட், டிராண்ட்ஜெமைட், கிரானோடயரைட் என்னும் மூன்று. மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.டி.ஜி. என்பர். இவற்றிலும் மேற்சொன்ன கறைகள் காணப்படுகின்றன: நையோபியப் பள்ளம் உண்டு; பலவற்றில் ஸ்ட்ரான்ஷியம் மிகுதியும் இட்டர்பியக் குறைவும் உண்டு. அடாகைட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடல்தளம் இன்றுபோல் அமிழ்ந்தது என்று தீர்ப்பு எழுதியவர் பலர்.

இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தடயம் சொல்வதுதான் என்ன? நீர் ஊறிய பசால்ட் ஆழத்தில் உருகியது என்பது மட்டுமே. அது எவ்வழியில் ஆழத்துக்குப் போயிற்று என்பதைத் தடயம் சொல்லவில்லை. தட்டாக வளைந்து அமிழ்ந்தும் போயிருக்கலாம். மேன்மேலும் எரிமலைக் குழம்பு வழிந்து குவிய, அடியில் இருந்தது பாரத்தால் அழுந்தியும் போயிருக்கலாம். கிணற்றில் கிடக்கும் வாளியை யாரேனும் இறக்கினார்களா, தானே விழுந்ததா என்பதை வாளியின் ஈரத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பில்பரா இதற்குச் சரியான சான்று. 350 முதல் 320 கோடி ஆண்டு வரை வயதுள்ள கிரானைட் திரள்கள் அங்கே உருண்டு திரண்டு, ஒவ்வொன்றும் பல பத்துக் கி.மீ. குறுக்களவில் நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில் பசால்ட்டும் பிற எரிமலைப் பாறைகளும் செங்குத்தாகத் தொங்குகின்றன. வானிலிருந்து எடுத்த படத்தில் இட்லித் தட்டைப் பார்ப்பது போலிருக்கும். ஆண்டிஸ் மலையில் உள்ளது போல ஒரே திசையில் நீண்ட வரிசை அங்கே இல்லை. கனம் குறைந்த கிரானைட் மேலே பொங்கி, கனத்த பசால்ட் பக்கங்களில் இறங்கியதன் வடிவமாகவே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. 2017இல் டிம் ஜான்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் அப்பகுதியின் பசால்ட்டுகளைக் கொண்டு கணக்கிட்டு, தடித்த மேலோட்டின் அடிப்பகுதி உருகினாலே அந்த டி.டி.ஜி. கிரானைட்டுகள் உண்டாகிவிடும், தட்டு அமிழத் தேவையில்லை என்று காட்டினர். அமிழ்வின் முத்திரை என்று எண்ணப்பட்ட வேதியியல் சாயல், உருகுவதற்கு முன்பே அந்தப் பசால்ட்டுகளில் இருந்தது என்பது அவர்கள் வாதத்தின் உயிர்நாடி. பிள்ளைக்குத் தாயின் சாயல் இருக்கும்போது வேறு காரணம் தேடுவானேன்? அதே பில்பராவின் மேற்குப் பகுதியில், 312 கோடி ஆண்டு வயதுள்ள வூண்டோ எரிமலைப் பாறைகளோ கடலிடைத் தீவு வரிசையின் இலக்கணத்தோடு ஒத்துப்போகின்றன. ஒரே வட்டாரத்தில் இரு வேறு சாட்சியம். ஆகவே 'பழைய கிரானைட்' என்று பொதுவாகப் பேசுவதே தவறு. எந்தக் கிரானைட், எந்த நூற்றாண்டுக் கோடி என்று கேட்க வேண்டும்.

ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மேற்கு ஆஸ்திரேலியாவின் அக்குன்றுகளில் கிடைத்த, மணல்பருக்கை அளவான ஒரு படிகத்தின் வயது 440 கோடி ஆண்டு என்று 2001இல் வெளியாயிற்று. அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம், நீர்பட்டு மாறிய பாறை பிறகு உருகியதைக் காட்டுகிறது என்பது அறிஞர் பலரின் முடிவு. நீர் இருந்தது, சரி. அதிலிருந்து கடல்தள அமிழ்வுக்குத் தாவுவது, வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு வந்த விருந்தாளியின் ஊர் பேர் சொல்வதற்கு ஒப்பாகும்.

பின் எப்போதுதான் கிரானைட்டின் சொல்லை அமிழ்வுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது? 300 கோடி ஆண்டிலிருந்து 250 கோடி ஆண்டு வரையுள்ள காலத்தை நான் சுட்டுவேன். உலகின் பழங்கண்டத் துண்டுகள் பலவற்றில், அக்காலத்தில் சோடியக் கிரானைட்டுகளின் ஆட்சி தளர்ந்து பொட்டாசியம் மிகுந்தவை தலையெடுக்கின்றன. அவற்றோடு சானுகிட்டாய்டு எனும் விந்தையான வகையும் வந்து சேர்கிறது. கவசத்துக்கு உரிய மெக்னீசியமும், மேலோட்டுக்கு உரிய பொட்டாசியம், பேரியம் முதலியனவும் அந்த ஒரே பாறையில் கூடியிருக்கும். மேலிருந்து இறங்கிய ஏதோ ஒன்றால் கவசம் முன்பே ஊட்டம் பெற்றிருந்தாலன்றி இக்கூட்டு அமைவது அரிது. மேலோட்டுப் பொருள் கவசத்துக்குள் போய்ச் சேரக் கடல்தள அமிழ்வைவிட எளிய வழி எனக்குப் புலப்படவில்லை.

கருநாடகத்தின் குளோஸ்பேட் கிரானைட் சானுகிட்டாய்டோடு நெருங்கிய ஒற்றுமை உடையது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 400 கி.மீ. நீளம், வயது ஏறத்தாழ 251 கோடி ஆண்டு. குளோஸ்பேட் என்பது பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்தின் பழம்பெயர். 1975இல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குன்றுகளையும் பார்த்தவர்களே. கொள்ளையன் கப்பர் சிங் உலவியது 251 கோடி ஆண்டுப் பாறைக்குழம்பின் மேல்! நீண்டு கிடக்கும் அதன் வடிவம் ஆண்டிஸ் வரிசையை நினைவூட்டுகிறது. ஆயினும் அங்கும் வழக்கு முடியவில்லை. ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத்தூண் ஒன்றே அதை உருவாக்கியது என்று வாதிட்டவர்களும் உளர். நான் அமிழ்வின் பக்கம் சாய்வது கிரானைட்டை மட்டும் நம்பி அன்று. வைரங்களுக்குள் அகப்பட்ட கனிமத் துணுக்குகளைப் பற்றி 2011இல் எழுதிய ஷைரி, ரிச்சர்ட்சன் இருவரும், அமிழ்ந்த பசால்ட் மாறி உண்டாகும் எக்லோகைட்டின் துணுக்குகள் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்குப் பிறகே வைரங்களில் தோன்றுகின்றன என்று எடுத்துக்காட்டினர். மேலே நின்று கிரானைட் சொல்வதும், கவசத்தின் ஆழத்திலிருந்து வைரம் சொல்வதும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றன. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒத்துச் சொன்னால் நீதிமன்றமும் செவிசாய்க்கும்.

தமிழகத்திலும் இத்தகைய வழக்கொன்று நடந்துகொண்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கு நோக்கி, பாறைகள் இழுபட்டு நசுங்கிய ஒரு பட்டை செல்கிறது. 1980இல் டிரூரி, ஹோல்ட் என்போர் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு இதை விளக்கினர். 2009இல் சந்தோஷும் அவருடைய ஜப்பானிய நண்பர்களும், மொசாம்பிக் பெருங்கடல் எனப்படும் மறைந்த கடலொன்று 50 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு மூடிக்கொண்ட தழும்பு இது என்றனர். நாமக்கல்லை அடுத்த தேவனூரிலும், காவிரியை அடுத்த மணமேட்டிலும், பழங்கடல்தளத்தின் உடைந்த துண்டுகள் என்று கருதப்படும் பாறைக் கூட்டங்கள் உள்ளன. அவற்றிலுள்ள கிரானைட் குடும்ப வெளிர்நிறப் பாறைகளின் சிர்க்கான்களைக் கொண்டு கணித்தபோது, தேவனூருக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டும் மணமேட்டுக்கு ஏறத்தாழ 75 கோடி ஆண்டும் கிடைத்தன. ஒரே பட்டையில் இரண்டு கடல்களா? பழைய தழும்பின் மேலேயே மறுபடியும் வெட்டு விழுந்ததா? கடல் மூடிய எல்லை இங்கே இல்லை, தெற்கே மதுரைப் பக்கம் தள்ளி உள்ளது என்பாரும் உளர்.

வழக்கை மேலும் கடினமாக்குவது நம்முடைய சார்னோகைட். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறையே என்று கண்டு, 1893இல் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் அது. கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் காக்காப்பொன் போன்ற நீர் ஏந்திய கனிமங்கள் அருகி, நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் இடம்பெற்ற பாறை. இப்பகுதிப் பாறைகள் கீழ் மேலோட்டில் கடுவெப்பத்தில் வெந்தவை. வேகும்போது நீரோடு ருபிடியம் போன்ற தனிமங்களும் வெளியேறக் கூடும். அப்படிப்பட்ட கல்லிடம் போய், நேற்றுப் பிறந்த கிரானைட்டுக்கு எழுதிய வினாத்தாளை நீட்டினால் என்ன விடை வரும்?

நீட்டத்தான் செய்கிறோம். 1984இல் பியர்ஸ், ஹாரிஸ், டிண்டில் மூவரும் ருபிடியம், இட்ரியம், நையோபியம் முதலியவற்றின் அளவைக் கொண்டு கிரானைட்டுகளைப் பிரித்தறியும் வரைபடங்களை வெளியிட்டனர். நல்ல கருவி. பிறந்த சூழல் தெரிந்த கிரானைட்டுகளை வைத்துச் செய்தது. அதை வாங்கி நாம் செய்வதென்ன? ஒரு மூட்டைக் கல்லைப் பொடித்து அனுப்புகிறோம், எண்கள் வருகின்றன, புள்ளிகள் 'எரிமலை வில்' என்னும் கட்டத்தில் விழுகின்றன, ஆகவே இங்கே கடல்தளம் அமிழ்ந்தது என்று ஆய்வேட்டை முடித்துவிடுகிறோம். சாதகக் கட்டம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பண்டைய அமிழ்வில் பிறந்த பாறை, நூறு கோடி ஆண்டு கழித்து அமிழ்வே இல்லாத காலத்தில் மறுபடி உருகினாலும், அந்தப் புள்ளி அதே கட்டத்தில் விழக் கூடும். கட்டம் பாறையின் குலத்தைச் சொல்லலாம். பிறந்த நாளின் சூழலைச் சொல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

ஹட்டனுக்கு இந்த எண்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எது எதை வெட்டிச் செல்கிறது என்று பார்த்தார்; அது போதுமாயிருந்தது. இன்றும் ஒரு கிரானைட்டின் வாக்குமூலத்தில் மிக மதிப்புள்ள பகுதி அதன் ஓரம்தான். அது பக்கத்துப் பாறைக்குள் நரம்பாய்ப் பாய்ந்துள்ளதா, அல்லது பின்னால் நசுங்கி ஒட்டவைக்கப்பட்டதா? அதற்குள் பழம்பாறைத் துண்டுகள் மிதக்கின்றனவா? படிகங்கள் ஒரு திசையில் சாய்ந்துள்ளனவா? இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு வருகிற எண்ணுக்குத்தான் பொருள் உண்டு.

இங்கேதான் எனக்குக் கவலை. நம் மாவட்டங்களில் அந்த ஓரங்கள்தாம் விரைந்து மறைந்துகொண்டிருக்கின்றன. கிரஷருக்குப் போகிற பாறை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பிரிந்து போகிறது. அதன் பிறகு வயதைக் கணிக்க ஒரு சிர்க்கான் கிடைத்தாலும் கிடைக்கும், ஓரம் கிடைக்காது. குவாரியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வீடும் சாலையும் வேண்டும். அன்றியும் மண்மூடிக் கிடந்த பாறையின் புதுமுகத்தை நமக்குத் திறந்து காட்டுவதும் குவாரிதான். நிலவியல் மாணவன் குவாரிக்காரரைத் திட்டுவது நன்றியில்லாத செயல். திறந்த முகத்தை எவரும் வரைந்து வைக்காமல் விடுகிறோமே என்பதுதான் என் குறை. இந்திய நிலவியல் அளவாய்வுத் துறை பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கென 2022இல் மத்திய அரசின் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அறிவிப்பும் மசோதாவும் புகழ்பெற்ற இடங்களைக் காக்கலாம். பெயரில்லாத ஒரு குவாரியின் வடக்குச் சுவரில் தெரியும் அரை அடி அகல நரம்பை எந்தச் சட்டம் தேடிப் போகும்?

அதற்கு அருகிலுள்ள கல்லூரிதான் போக வேண்டும். கருவிகள் பெரிதாக வேண்டா: திசைகாட்டி, அளவுநாடா, சுத்தியல், கட்டம் போட்ட தாள், கைப்பேசிப் படம். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வர் ஒரு நாளில் ஒரு குவாரிச் சுவரை வரைந்துவிடலாம். எந்த நரம்பு எதை வெட்டுகிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது, மாதிரிக் கல் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று குறித்து, கல்லோடு அந்தத் தாளையும் சேர்த்துத் துறையில் வைத்தால், பத்தாண்டு கழித்துச் சிர்க்கான் கணிக்க வருகிறவருக்கு அது பொக்கிஷம். உரிமையாளரிடம் முன்னரே அனுமதி பெறுவது நல்லது. வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டறிந்து செல்வது அதனினும் நல்லது. மழைக்காலம் வந்தால் கைவிட்ட குவாரிகளில் நீர் நிரம்பி அடிச்சுவர் மறைந்துவிடும். மாசியிலும் பங்குனியிலும் போனால் முழுச் சுவரையும் பார்க்கலாம்.